ஈரக்கால் மார்னக்

எங்கள் போர்ட்காரியில் தெருவில் கல்லெறிந்தால் அது ஒரு மார்னக் மேல்தான் விழும். எறிந்தவனைத் துரத்திக்கொண்டு வருகிறவனும் மார்னக், விலக்கிவிட வருகிறவனும் மார்னக். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் மீன்பிடி ஊர்கள் எல்லாமே இப்படித்தான். ஊருக்கு ஒரு குடும்பப் பெயர். அதற்கு முன்னால் போட வில்லியம், அலெக், ஜார்ஜ், வால்டர் என்று ஐந்தாறு பெயர்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தே தீரவேண்டும் என்பதால் புதுப்பெயர் எதுவும் ஊருக்குள் நுழைந்ததில்லை.

ஆகவே பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிக்கிற சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். தபால்காரர் அதைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். வாக்காளர் பட்டியலில் அடைப்புக்குறிக்குள் அச்சாகும். செத்தால் கல்லறைக் கல்லிலும் வெட்டுவார்கள். டீக்கன், கேரட், லத்தீன், பாதிரொட்டி என்று வீட்டுக்கொன்று உண்டு, அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும். வெறும் வில்லியம் மார்னக் என்று போய் நின்றால் சொர்க்க வாசலிலேயே, "எந்த வில்லியம்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை.

இப்படிப்பட்ட ஊரில், மார்னக் என்று மட்டுமே தன்னை அழைக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே மனிதர் வால்டர் மார்னக். ஈரக்கால் வால்டர் என்றால்தான் எங்களுக்குத் தெரியும்.

ஈரக்கால் என்பது அவருடைய தாத்தாவின் சம்பாத்தியம். அந்தக் காலத்தில் துறைமுகச் சுவர் கிடையாது, படகுகள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். பெண்கள் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு கணவன்மாரை முதுகில் சுமந்துபோய்ப் படகில் இறக்கிவிடுவார்கள். காலுறை நனைந்து கடலில் கிடந்தால் ஆம்பிளைக்குக் காய்ச்சல் வரும், பொம்பிளைக்கு ஒன்றும் வராது என்பது அன்றைய மருத்துவம். ஒருநாள் வால்டரின் தாத்தா, நிறைமாதமாக இருந்த மனைவியின் முதுகில் ஏறமாட்டேன் என்று சொல்லித் தானே தண்ணீரில் இறங்கி நடந்தார். கரையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மனைவிமார் முதுகில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அவர் மீனோடு திரும்பி வருவதற்குள் பெயர் தயாராக இருந்தது.

வால்டருக்கு ஒரு தம்பி, அலெக். அவன் இந்தப் பெயரைக் கிரீடம்போல் தூக்கி வைத்துக்கொண்டு திரிவான். "டீக்கன்னா என்ன பெரிய பட்டம்? சர்ச்சுல தட்டு நீட்டுனவன். எங்க தாத்தா பொண்டாட்டிக்காகக் கடல்ல இறங்குனவரு. உங்கள்ல எவனாவது இறங்குனானா?" என்று மதுக்கடையில் நின்று கேட்பான். பதிலுக்கு அவனுக்கு ஒரு பீர் வாங்கிக்கொடுப்போம்.

அண்ணன் அப்படியில்லை. வால்டருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிப்படிப்பு முடிந்ததும் பக்கத்து நகரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை, மடித்த குடை. முதல் சம்பளத்தன்று மேலாளர் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "வால்டர் மார்னக், அடைப்புக்குறிக்குள்ள ஈரக்கால்" என்று உரக்க வாசித்தார். பிறகு குனிந்து வால்டரின் காலணியைப் பார்த்தார். "காய்ஞ்சிடுச்சா தம்பி? தரைவிரிப்பு புதுசு, பாத்து நட."

அலுவலகமே சிரித்தது. அந்தச் சிரிப்பு வால்டரின் காதில் கடைசிவரை இருந்தது; காது மந்தமான பிறகும் இருந்தது.

போருக்குப் பிந்திய ஓர் இலையுதிர் காலத்தில் அவர்களுடைய அப்பா வில்லியம் இறந்தார். அலெக் அப்போது ஹெரிங் மீன் கூட்டத்தின் பின்னால் தெற்கே யார்மத் வரை போயிருந்தான். பருவம் முடியாமல் படகு திரும்பாது. அடக்கத்துக்கு அவனால் வர முடியவில்லை. அதே மாதத்தில் டீக்கன் வீட்டுப் பெரியவரும் போய்ச் சேர்ந்தார். அவரும் வில்லியம்தான், வேறென்ன? டீக்கன் வீட்டாருக்கு மூன்று படகு, சர்ச்சில் முன்வரிசை. கல்லறைக் கல்லில் பட்டப்பெயர் வெட்டுவது பட்டிக்காட்டுத்தனம் என்று முதலில் முடிவு செய்தவர்கள் அவர்கள்தான். சிவப்புக் கருங்கல்லில் வெறுமனே வில்லியம் மார்னக், கீழே வருஷம். சுருக்கமே கண்ணியம் என்றார்கள்.

வால்டர் அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கல்தச்சரிடம் போனார்.

"இதே மாதிரி ஒண்ணு எங்கப்பாவுக்கும் வேணும்."

"செஞ்சிடலாம். பட்டப்பேரப் பேருக்குப் பக்கத்துல வெட்டவா, கீழ வெட்டவா?"

"வேண்டாம்."

"வேண்டாமா? அப்ப உள்ள இருக்கறது யாருன்னு எப்படிய்யா தெரியும்?"

"தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும்."

கல்தச்சர் உளியைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டு, "காசு உன்னோடது" என்றார்.

டிசம்பரில் அலெக் திரும்பினான். ரயிலை விட்டு இறங்கி, பையை ஸ்டேஷனிலேயே போட்டுவிட்டு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். புதுக் கல், வில்லியம் மார்னக், இந்த வருஷம். தொப்பியைக் கழற்றி மண்டியிட்டு, கடல்காரன் ஊருக்குத் தெரியாமல் அழவேண்டிய அழுகையெல்லாம் அங்கே அழுதான். சுவருக்கு அந்தப்பக்கம் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கேரட் வீட்டு இஸ்பெல். அலெக் வயசு, தலைமுடியும் நாக்கும் சிவப்பு. கடைசியில் அவள்தான் சொன்னாள்.

"அலெக், எந்திரிடா. அது டீக்கன். உங்கப்பா மேல் வரிசையில இருக்காரு."

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்த ஊரில் யாராவது எப்போதும் சிரித்துவிடுவார்கள்.

வீட்டில் வால்டர் புகையிட்ட மீன் சூப்பைச் சூடாக்கி மேசையில் வைத்திருந்தார். அலெக் உட்காரவில்லை.

"அண்ணே, அப்பாவ எங்க வெச்ச?"

"மேல் வரிசையில. சுவரோரம். காத்து படாத இடம்."

"இடம் நல்ல இடம்தான். யாரோட இடம்னுதான் தெரியல."

"பேரு வெட்டியிருக்குல்ல?"

"ஊர்ல பாதிப்பேரு வெச்சிருக்கற பேரு! டீக்கன் கால்மாட்டுல உக்காந்து மூக்குச் சிந்திட்டு வரேன். உயிரோட இருந்தப்ப அந்தாளு எனக்கு ஒரு மிட்டாய்கூடக் குடுத்ததில்ல."

"மரியாதையான கல்லு, அலெக். யாரும் பாத்துச் சிரிக்க முடியாது."

"சிரிச்சாங்க. இப்பத்தான் சிரிச்சாங்க. உனக்குக் கேக்கல." அலெக் தொப்பியைத் தலையில் வைத்தான். "தாத்தா தண்ணியில நடந்து சம்பாதிச்ச பேரு அது. அதத் துடைக்கறேன்னு அப்பாவையே துடைச்சுட்ட. இனிமே எனக்கு அண்ணன்னு ஒருத்தன் கிடையாது."

புத்தாண்டுக்குக்கூட நிற்காமல் போய்விட்டான். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸைத் தவறவிடலாம், புத்தாண்டைத் தவறவிட்டவன் திரும்ப மாட்டான். கனடா போகும் கப்பலில் அவனைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் ஒரு வரி இல்லை.

வால்டர் வருத்தப்பட்டாரா என்று கேட்டால், எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் வருத்தப்படுவதில்லை. ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். வால்டர் உலகப்படம் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினார். அவருடைய கணக்கு இது: மார்னக் என்பது அபூர்வமான பெயர். வெளிநாடு போகிற ஸ்காட்லாந்துக்காரன் போன இடத்தில் தன் பெயரைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பான். ஆகவே எங்கே மார்னக் என்ற பெயர் இருக்கிறதோ அங்கே அலெக் இருக்கக்கூடும்.

தேடத் தேடக் கிடைத்தது, கிடைத்த இடத்திலெல்லாம் படத்தில் ஒரு குண்டூசி. கனடாவில் மார்னக் ஏரி. கொசுவைத் தவிரக் குடியிருப்பவர் இல்லை. ஆஸ்திரேலியாவில் மார்னக் தெரு. ஒரு முனையில் இறைச்சிக்கடை, மறுமுனையில் சவப்பெட்டிக் கடை. தென்கடலில் மார்னக் பாறை. அதில் போய் மோதிய கப்பல்காரரின் பெயரை அதற்கே வைத்திருந்தார்கள். ஆட்களும் அகப்பட்டார்கள். தோற்ற போரில் மிக ஒழுங்காகப் பின்வாங்கிய தளபதி மார்னக். ஒரு பாசிக்குத் தன் பெயரைக் கொடுத்த தாவரவியலாளர் மார்னக். குத்துச்சண்டை மார்னக், பிஷப் மார்னக். ஒவ்வோர் இடத்துக்கும் வால்டர் அழகான கையெழுத்தில் எழுதிக் கேட்பார். கடைசி வரியில் மட்டும், அலெக் என்று யாராவது அந்தப் பக்கம் உண்டா என்றிருக்கும். பதில்கள் மரியாதையாக வந்தன. பாசியின் படம்கூட வந்தது. அலெக் வரவில்லை.

பதினைந்து இருபது வருஷத்தில் தேடுவது எதை என்பது மங்கி, தேடுவதே மதிப்பான காரியமாகிவிட்டது. படம் வீட்டிலிருந்து ஊர்மண்டபத்துக்கு மாறியது. பள்ளிப்பிள்ளைகளை அழைத்துவந்து காட்டினார்கள். மண்டபத்தில் தேநீர் போடும் இஸ்பெல் மட்டும் ஒருநாள் கேட்டாள். அவள் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை; ஏன் என்று கேட்கிற தைரியம் எங்களில் எவருக்கும் இல்லை.

"வால்டர், உலகம் பூரா மார்னக்கத் தேடறியே. அலெக் அந்தப் பேரத்தான் எழுதி வெப்பான்னு உனக்கு யாரு சொன்னா?"

"வேற எதை எழுதுவான்?"

இஸ்பெல் கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள். "டீயக் குடி, ஆறுது" என்றாள்.

ஓய்வு பெற்ற பிறகு வால்டருக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது: உலக மார்னக்குகள் கூடுகை. எங்களுக்கும் பிடித்திருந்தது, மீன் குறைந்துவிட்டது, இனிமேல் மனிதர்களைத்தான் பிடிக்க வேண்டும். மலைநாட்டுக் குலங்களைப்போல் எங்கள் பெயருக்கென்று கட்டம்போட்ட குலத்துணி எதுவும் இருந்ததில்லை. தாத்தாக்கள் எல்லாம் கடல்தண்ணீர் ஒட்டாத எண்ணெய்த்துணி போட்டவர்கள். கடைக்காரர் ஒருவர் எங்களுக்குப் பழமையான கட்டம் ஒன்றைப் புதிதாக நெய்து கொடுத்தார்.

கூட்டக்குழுவில் வால்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"விருந்தாளிங்க இருக்கற மூணு நாளும் யாரும் பட்டப்பேரு சொல்லக்கூடாது."

"அப்ப எங்கள எப்படிக் கூப்பிடுவ?" என்றார் பாதிரொட்டி ஜார்ஜ்.

"ஜார்ஜ் மார்னக்னு."

"கூப்பிட்டா யாரு வர்றது? நானா, லத்தீனா, எங்க சித்தப்பாவா?"

"வர வேண்டியவங்க வருவாங்க. தளபதி பிறந்த குடும்பம்னு நெனச்சு வர்றவங்க முன்னால கேரட்டு, ரொட்டின்னு மளிகைக்கடை நடத்த வேண்டாம்."

ஒத்துக்கொண்டோம். முதல் நாள் மாலை குலுக்கலில் முதல் பரிசு ஒரு புட்டி விஸ்கி. "வில்லியம் மார்னக்!" என்று வால்டர் அறிவித்தார். மண்டபத்தின் ஐந்து மூலையிலிருந்து ஐந்து பேர் எழுந்தார்கள். நான்கு மூலைதான் உண்டு. ஐந்தாமவர் கழிப்பறையிலிருந்து வந்தார். சீட்டு யாருடையது என்று அடைப்புக்குறி இல்லாமல் நிரூபிக்க வழியில்லை. கடைசியில் புட்டியை அங்கேயே திறந்தோம். வால்டர் மேடையில் குடையை ஊன்றிக்கொண்டு, யாரும் வாய்தவறிவிடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலை டோரீன் வந்தாள். முப்பது வயசு இருக்கும்; வெயிலில் காய்ந்த முகம், தோளில் கனமான துணிப்பை. கனடாவின் நடுவில் கோதுமை விளைகிற சமவெளியிலிருந்து வந்திருந்தாள். உலகப்படத்தின் கீழே வால்டர் உட்கார்ந்திருந்த மேசைக்கு முன் நின்றாள்.

"எங்கப்பா இந்த ஊருதாங்க. அலெக் மார்னக்."

வால்டர் கையிலிருந்த குண்டூசி மேசையில் விழுந்தது. தேநீர்ப் பாத்திரத்தைத் தூக்கிய இஸ்பெல் அதை வைக்காமல் அப்படியே நின்றாள். எங்கள் ஊரிலிருந்து கனடா போன அலெக்குகள் நான்கு பேர். வால்டர் குண்டூசியை எடுத்து டப்பாவில் போட்டார்.

"அப்பா... கடல் தொழிலா?"

"ஐயோ, இல்லீங்க. கோதுமை. எங்க வீட்டுலருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு ரயில்ல நாள்கணக்கா ஆகும். அப்பாவுக்குக் கடலப் பத்திப் பேசினாலே ஆகாது."

"கூடப்பிறந்தவங்க யாராவது உண்டா அவருக்கு?"

"யாரும் இல்ல. சின்ன வயசுல நான் கேட்டுக்கிட்டே இருப்பேன், 'எனக்கு அண்ணன் கிடையாது, தம்பி கிடையாது'ன்னு முடிச்சிடுவாரு."

வால்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டபோது அந்த முகத்தில் இருந்தது அலுவலக முகம்.

"தாத்தா பேரு வில்லியமா?"

"ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதும்மா, நீங்க இந்த ஊர்லயே மதிப்பான குடும்பத்துப் பொண்ணு." டீக்கன் வீட்டு அலெக்கும் கனடாதான் போனான், அவன் ஒரே ஆண்பிள்ளை, அப்பா பெயர் வில்லியம். கணக்குச் சரியாக வந்தது. வால்டரின் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும். டீக்கன் வீட்டார் யாராவது மண்டபத்தில் இருந்திருந்தால் அங்கேயே முடிச்சு அவிழ்ந்திருக்கும். அவர்கள் வரவில்லை, எங்களோடு ஒரே பெயரில் இருப்பதே அவர்களுக்குச் சிரமம்.

டோரீனுக்குச் சந்தோஷம். "ஒரு விஷயம் கேக்கணும். எங்க பண்ணைக்கு அப்பா ஒரு வேடிக்கையான பேரு வெச்சிருந்தாரு. இங்க வீட்டுக்கு வீடு அந்த மாதிரி ஒரு பேரு உண்டாமே, அது வந்து..."

பக்கத்து மேசையில் ஆஸ்திரேலிய மார்னக்குகள் காதைத் திருப்பினார்கள். வால்டர் கையை உயர்த்தினார், பேருந்தை நிறுத்துகிறவர்போல.

"அதெல்லாம் பழைய பழக்கம்மா. ஒருத்தரையொருத்தர் கேலி பண்ண வெச்சது. இந்த மூணு நாளும் அதப் பேசறதில்லைன்னு வெச்சிருக்கோம். நமக்கு மார்னக் போதும். அங்க பாருங்க, அது உங்க நாட்டு மார்னக் ஏரி."

கனடாக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். அவள் ஏரியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்பா போன குளிர்காலத்துல தவறிட்டாரு. சாம்பல்ல கொஞ்சம் கொண்டுவந்திருக்கேன். அவங்கப்பா கால்மாட்டுல போடச் சொன்னாரு. இடம் எதுன்னு மட்டும் காட்டிக்குடுத்தீங்கன்னா..."

வால்டர் தாமே கூட்டிக்கொண்டு போனார். சிவப்புக் கருங்கல், வில்லியம் மார்னக். டீக்கன். டோரீன் பையைத் திறந்தபோது அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசல் கதவுக்குப் பக்கம் ஒதுங்கித் திரும்பி நின்றார். அடுத்தவர் துக்கத்தை எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை. தம்பியின் அடக்கத்தின்போது அண்ணன் நின்றது அப்படித்தான், முதுகைக் காட்டிக்கொண்டு.

அவள் பிற்பகல் பேருந்தில் போய்விட்டாள். போகும்போது இஸ்பெல் கொடுத்த ஓட்ஸ் ரொட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு இரண்டு கையாலும் கைகுலுக்கினாள். இஸ்பெல் அந்தப் பண்ணையின் பெயரைக் கேட்க வாயெடுத்திருக்கிறாள். வால்டர் பக்கத்தில் நின்றார். மூன்று நாள் விதி. கேட்கவில்லை. அதை நினைத்து இன்றைக்கும் தன் நாக்கைத் தானே திட்டிக்கொள்கிறாள். வாழ்நாளில் அது அடங்கியிருந்தது அந்த ஒரே தடவைதான்.

கூடுகை முடிந்தது. இரண்டு நாள் விடாமல் மழை. மழை விட்டதும், காற்றில் பறந்துபோய்க் கல்லறைத் தோட்டத்தில் சிக்கிய காகிதக்கொடிகளைப் பொறுக்க வால்டர் போனார். டீக்கன் கல்லின் பின்புறம் ஒரு பலகை சாய்த்து வைத்திருந்தது. பண்ணை வாயிற்கதவில் அடித்திருந்த பலகை. ஆணிபோன ஓட்டைகள் இருந்தன. மாட்டுக்குச் சூடுபோடும் இரும்பால் எழுத்தெழுத்தாகப் பொசுக்கியிருந்தது: ஈரக்கால்.

தேநீர் நேரத்துக்கு அவர் வராததால் இஸ்பெல் தேடிக்கொண்டு போனாள். நனைந்த புல்லில் உட்கார்ந்திருந்தார். கஞ்சிபோட்ட கழுத்துப்பட்டை, மடித்த குடை, மடியில் பலகை.

"எந்திரி வால்டர். ஈரத்துல உக்காந்திருக்க."

"தண்ணியே இல்லாத ஊர்ல போய் இந்தப் பேர வெச்சிருக்கான், இஸ்பெல்."

அவள் பலகையை வாசித்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன் இல்லன்னு சொன்னானாம்," என்றார்.

"சொன்னான். ஆனா வீட்டுப் பேர விடல."

"ரெண்டாவது தடவையும் இங்கயே வந்துட்டான். மொதல்ல என் கல்லு அனுப்புச்சு. இப்ப நானே கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

"மேல கொண்டுபோயிடலாம். ஒரு கரண்டி எடுத்துட்டு வரட்டுமா?"

வால்டர் மண்ணைப் பார்த்தார். மழை தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது. "எத எடுக்கறது? இதுல எது அலெக், எது டீக்கன்?"

மறுநாள் மாலை மண்டபத்துத் தொலைபேசியிலிருந்து கனடாவுக்குப் பேசினார். மந்தக் காது என்பதால் இஸ்பெலும் ஒட்டி நின்று கேட்டாள். ஆகவே விடிவதற்குள் எங்களுக்கும் தெரியும்.

"யாருங்க பேசறது?"

வால்டர் மார்னக் பேசுகிறேன் என்பதை அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

"ஈரக்கால் வால்டர் பேசறேம்மா."

"அது எங்க பண்ணையோட பேரு."

"எங்க வீட்டுப் பேரும் அதான். உங்கப்பா எனக்குத் தம்பி."

"அப்பா அண்ணன் இல்லன்னு..."

"சரியாத்தான் சொல்லியிருக்கான். நான் அண்ணனா இருக்கல."

டோரீன் அழுதாளா சிரித்தாளா என்பதில் இஸ்பெலுக்கே நிச்சயமில்லை. தூரத்து லைன். பிறகு அந்தப் பெண் அந்தக் கேள்வியைக் கேட்டாள்: "பெரியப்பா, நான் அப்பாவ சரியான இடத்துலதான வெச்சேன்? அது ஒண்ணுதான் அவரு என்கிட்ட கேட்டது."

வால்டர் சுவரிலிருந்த உலகப்படத்தைப் பார்த்தார். அத்தனை குண்டூசிகள்.

"சரியான இடம்தாம்மா" என்றார்.

அவர் வாழ்க்கையில் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறோம். மற்றதெல்லாம் மரியாதை.

அந்த வாரமே கல்தச்சரை வரச்சொன்னார். பழையவர் போய் இப்போது மகன். அப்பாவின் கல்லில் விட்டுப்போனதை வெட்ட வேண்டும். மகன் மேல் வரிசையில் மண்டியிட்டு, சாக்கட்டியால் கோடு போட்டு, உளியை வைத்தான்.

"நிறுத்துப்பா," என்றார் வால்டர். "அந்தப் பொண்ணு ஒருநாள் வரும். வந்து இதப் படிக்கும்."

"படிக்கட்டுமே. படிக்கத்தானே வெட்டறது?"

"படிச்சா, அவங்கப்பாவ எங்க போட்டோம்னு அதுக்குத் தெரிஞ்சிடும்."

சாக்கட்டிக் கோட்டைக் கைக்குட்டையால் அவரே துடைத்தார். ஒரு காலத்தில் வெட்கத்துக்காக விட்ட எழுத்தை, இப்போது ஆசைப்பட்டும் வெட்ட முடியாமல் போயிற்று.

அப்பாவுக்குப் பக்கத்தில் வால்டர் தமக்கென்று வாங்கிப்போட்டிருந்த இடத்தை விட்டுக்கொடுத்தார். டீக்கன் கல்லுக்குக் கீழே, தண்ணீர் கட்டுகிற ஒரு துண்டு நிலம் யாருக்கும் வேண்டாமல் கிடந்தது, அதைக் கேட்டார். டீக்கன் வீட்டு மருமகன் கோபத்தோடு மண்டபத்துக்கு வந்தார்.

"எங்க மாமாவுக்குக் கால்மாட்டுல நீ எதுக்குய்யா? ஊர் என்ன நெனைக்கும்? அவருக்கு ரகசியமா எங்கயோ ஒரு பிள்ளை இருந்ததுன்னு பேசுவானுங்க!"

"ரெண்டு," என்றாள் இஸ்பெல். நாங்களும் அப்படியே பேசிக்கொண்டோம்.

ஆறு வருஷம் கழித்து வால்டர் போனார். கல்லை முன்பே வெட்டி வைத்திருந்தார்: வால்டர் மார்னக் (ஈரக்கால்). அடைப்புக்குறிக்குள் இருந்ததுதான் பெரிய எழுத்து. குழி தோண்டும்போது தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது.

அடுத்த கோடையில் டோரீன் வந்தாள், பெரிய பூங்கொத்தோடு. டீக்கன் கல்லின் முன் வெகுநேரம் நின்றாள். "தாத்தா, அப்பா, பெரியப்பா. மூணு பேரும் ஒரே இடத்துல" என்றாள். நாங்கள் ஒரு டஜன் பேர் நின்றிருந்தோம். பேச்சுக்குப் பஞ்சமில்லாத ஊர், ஒருவரும் பேசவில்லை.

போகும் வழியில் கடலைப் பார்ப்பதற்காக அவள் மேல் வரிசைப் பக்கம் ஏறினாள். சுவரோரம் ஒரு சிவப்புக் கருங்கல். நின்றுவிட்டாள்.

"இங்கயும் ஒரு வில்லியம் மார்னக். அதே வருஷம். இது யாருங்க?"

இஸ்பெல் அவள் கையைக் கோத்துக்கொண்டாள்.

"அதுவாம்மா? அது டீக்கன்."

"யாரும் வர்றதில்லையா? ஒரு பூகூட இல்லையே, பாவம்." டோரீன் கொத்தில் மிச்சமிருந்த ஒரு பூவை எடுத்து, குனிந்து, அந்தக் கல்லின் மேல் வைத்தாள்.

"வா கண்ணு," என்றாள் இஸ்பெல். "டீ ஆறிடும்."